ஹூஸ்டன் பக்கம் வீட்டுல மோல்டு வந்துடுச்சா? டெஸ்ட்ல இருந்து சர்டிஃபிகேட் வரைக்கும் எதுக்கு அப்புறம் எது

போன ஆகஸ்ட்ல ஹூஸ்டன் பக்கத்துல கேட்டிங்கிற ஊர்ல இருக்கிற எங்க வீட்டு பெட்ரூம் குளோசெட்ல மோல்டு, அதான் பூசணம், வந்துச்சு. டெஸ்ட் பண்ணி, கிளீன் பண்ணி, வெட்டின சுவரைத் திரும்ப மூடி பெயின்ட் அடிக்கிற வரைக்கும் ஏழு வாரம் ஆச்சு. எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு தெரிஞ்சிருந்தா நாலு வாரத்துல முடிஞ்சிருக்கும், தண்டமா போன 600 டாலரும் கையில இருந்திருக்கும். பேர்லேண்ட் மீனாட்சி கோயில்ல பார்க்கிறவங்க, எங்க தெருவுல புதுசா வீடு வாங்கினவங்கன்னு ஆறேழு பேர் இதையே கேட்டுட்டாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சிடலாம்னு. இதுல வர்ற சட்டம், லைசென்ஸ் எல்லாம் டெக்ஸஸுக்கு மட்டும்தான், வேற ஸ்டேட்ல இருக்கிறவங்க உங்க ஊர் விதியைப் பாத்துக்கோங்க.

எங்க வீட்டுல முதல்ல கண்டுபிடிச்சது ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா. குளோசெட் மேல் தட்டுல இருந்து பட்டுப்புடவைப் பையை எடுத்தவங்க, "என்னடி இது, மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி நாத்தம் வருது"ன்னாங்க. பை இருந்த இடத்துக்குப் பின்னாடி சுவர்ல கருப்பும் பச்சையுமா புள்ளி புள்ளியா பூசணம். விரலால அமுக்கிப் பார்த்தேன், ஷீட்ராக், அதான் உள்சுவருக்குப் போடுற ஜிப்சம் பலகை, டீயில ஊறின பிஸ்கட் மாதிரி உள்ள போச்சு.

1. மோல்டை விடுங்க, முதல்ல தண்ணியைத் தேடுங்க

பூசணத்தைப் பார்த்ததும் எல்லாரும் செய்யறது மோல்டு கம்பெனிக்கு போன் பண்றது. நானும் அதைத்தான் பண்ணேன். முதல்ல கூப்பிட வேண்டியது பிளம்பரையோ ஏசி ஆளையோதான். தண்ணி வர்ற வழி அடையாம எவ்வளவு கிளீன் பண்ணாலும் ரெண்டு மூணு மாசத்துல அதே இடத்துல திரும்ப வரும்.

இந்த ஊர் வீடுகள்ல நிறைய இடத்துல ஏசி யூனிட் அட்டிக்ல, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல, இருக்கும். அதுல இருந்து வர்ற தண்ணி ஒரு பிவிசி பைப் வழியா வெளிய போகணும், அந்த பைப் உள்ள பாசி கட்டி அடைச்சுக்கும். அடைச்சா தண்ணி கீழ இருக்கிற தகரத் தட்டுல விழுந்து, அங்கேருந்து ரெண்டாவது பைப் வழியா வெளிய சொட்டும். அந்த ரெண்டாவது பைப்பை வேணும்னே ஜன்னலுக்கு மேல கண்ணுல படுற மாதிரி வெச்சிருப்பாங்க. அதாவது ஜன்னலுக்கு மேல இருக்கிற சின்ன வெள்ளை பைப்புல தண்ணி சொட்டுதுன்னா மெயின் லைன் அடைச்சிடுச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே ஏசி ஆளைக் கூப்பிடணும். எங்க வீட்டுல மூணு வாரம் சொட்டுச்சு, ஏசின்னா தண்ணி சொட்டும்தானேன்னு விட்டுட்டோம். அதுக்குள்ள அட்டிக்ல அந்தத் தட்டு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து தண்ணி சீலிங் வழியா குளோசெட் சுவருக்குள்ள இறங்கிடுச்சு.

ஏசி ஆள் வந்து அடைப்பு எடுத்து, தட்டு மாத்தி, தண்ணி ஏறினா ஏசியை நிறுத்துற ஃப்ளோட் ஸ்விட்ச் போட எனக்கு 420 டாலர். அவர்கிட்ட "எது பழுதாச்சு, என்ன மாத்தினேன்"னு தேதியோட எழுதின இன்வாய்ஸ் கட்டாயம் வாங்குங்க. இன்சூரன்ஸுக்கும் வேணும், கிளீனப் முடிஞ்சதும் கான்ட்ராக்டர் கொடுக்கிற சர்டிஃபிகேட்டுக்கும் வேணும்.

2. போட்டோ எடுங்க, காய வைங்க, தேய்க்காதீங்க

எதையும் தொடுறதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ. பக்கத்துல ஒரு டேப் அளவு வெச்சு எடுங்க, எவ்வளவு பெருசுன்னு பின்னாடி யாரும் கேள்வி கேட்க முடியாது.

நனைஞ்ச இடம் 24 மணி நேரத்துல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். இப்பதான் தண்ணி புகுந்திருக்கு, பூசணம் இன்னும் வரலன்னா ஃபேன், டீஹ்யூமிடிஃபையர் (காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற மெஷின்) எல்லாம் போட்டு உடனே காய வெச்சிடுங்க, பாதி பிரச்சனை அங்கேயே முடிஞ்சிடும். ஏற்கனவே பூசணம் வந்திருந்தா அதுமேல ஃபேன் வைக்கக் கூடாது, பூசணத்தோட வித்து (ஸ்போர்) எல்லாம் வீடு முழுக்கப் பறக்கும். அந்த ரூம் ஏசி வென்ட்டை பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டி மூடிட்டு, கதவைச் சாத்திட்டு, டீஹ்யூமிடிஃபையர் மட்டும் ஓட விடுங்க.

பிளீச் ஊத்தித் தேய்க்கிறது நம்ம ஆளுங்க எல்லாரும் செய்யற தப்பு. ஷீட்ராக் மாதிரி உறிஞ்சுற பொருள்ல மேல இருக்கிற கறை போகும், உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். பிளீச்சை வழக்கமான முறையா இதுக்குப் பயன்படுத்த வேண்டாம்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, அதான் ஈபிஏ, அவங்களே சொல்றாங்க. செத்த பூசணமும் அலர்ஜி கொடுக்கும், அதனால கொல்றது போதாது, எடுத்து வெளிய போடணும். மேல பெயின்ட் அடிச்சு மறைக்கவே மறைக்காதீங்க.

3. எவ்வளவு பெருசுன்னு அளந்து பாருங்க

இங்க ரெண்டு நம்பர் ஞாபகம் வெச்சுக்கணும், 10, 25.

10 சதுர அடிக்குள்ளன்னா, அதாவது மூணு அடிக்கு மூணு அடி, நீங்களே செய்யலாம்னு ஈபிஏ சொல்லுது. என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கிட்டு டைல், கண்ணாடி மாதிரி கெட்டியான இடம்னா சோப்புத் தண்ணில தேய்ச்சுக் காய வைங்க. பாத்ரூம் ஓரத்துல வர்ற கறைக்கெல்லாம் ஆயிரக்கணக்குல செலவு பண்ண வேண்டியதில்ல.

25 சதுர அடி தொடர்ச்சியா இருந்தா டெக்ஸஸ்ல காசு வாங்கிட்டு கிளீன் பண்ற ஆளுக்கு லைசென்ஸ் கட்டாயம். அதுக்குக் கீழன்னா லைசென்ஸ் வேண்டாம், கடைசில சர்டிஃபிகேட்டும் கட்டாயம் இல்ல. இதுல ஒரு சிக்கல், வெளிய தெரியறது கொஞ்சமா இருக்கும், சுவருக்குள்ள நிறைய இருக்கும். எங்க வீட்டுல வெளிய 12 சதுர அடி, வெட்டிப் பார்த்தா 40. "25 எல்லாம் இல்லம்மா, பேப்பர் ஒண்ணும் தேவையில்ல, நாளைக்கே வந்து முடிச்சிடறேன்"னு ஒருத்தர் சொன்னா அவசரப்படாதீங்க, அடுத்த படிக்குப் போங்க.

4. டெஸ்ட் பண்றவர் வேற, கிளீன் பண்றவர் வேற

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. டெக்ஸஸ் சட்டப்படி ஒரே வேலைல ஒரே ஆள் சோதனையும் பண்ணி கிளீனப்பும் பண்ணக் கூடாது. காரணம் சொல்லவே வேண்டாம், கிளீன் பண்ணிக் காசு பார்க்கப் போறவர் "உங்க வீட்டுல மோல்டே இல்ல"ன்னு எதுக்குச் சொல்லப் போறார்?

நான் முதல்ல கூப்பிட்ட கம்பெனி இன்ஸ்பெக்ஷன் ஃப்ரீன்னு சொன்னாங்க. வந்தவர் ரெண்டு சாம்பிள் எடுத்துட்டு "லேப் சார்ஜ் மட்டும்"னு 250 டாலர் வாங்கிட்டார். மறுநாளே 9,800 டாலர் கொட்டேஷன், வீடு முழுக்கப் புகை அடிக்கணும், ஏசி காத்து போற டக்ட் எல்லாம் கழுவணும்னு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு அதுல ஒரு வரி இல்ல. இன்னைக்கே கையெழுத்து போட்டா 15 பர்சென்ட் குறைப்பேன்னார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சொல்லலன்னா போட்டிருப்பேன். அந்த 250 போனது போனதுதான், தனியா சோதனை பண்ணவர் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கவே இல்ல.

சோதனைக்கு நீங்க தேடவேண்டியது மோல்டு அசெஸ்மென்ட் கன்சல்டன்ட். கிளீனப்புக்கு மோல்டு ரெமடியேஷன் கான்ட்ராக்டர். ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் கொடுக்கிறது டிடிஎல்ஆர் (TDLR)ங்கிற டெக்ஸஸ் ஸ்டேட் லைசென்ஸ் டிபார்ட்மென்ட். அசெஸர், அதாவது சோதனை பண்றவர், நம்பர் எம்ஏசி (MAC)ன்னு ஆரம்பிக்கும், கான்ட்ராக்டர் நம்பர் எம்ஆர்சி (MRC)ன்னு ஆரம்பிக்கும். டிடிஎல்ஆர் வெப்சைட்ல லைசென்ஸ் சர்ச்ல போட்டா உயிரோட இருக்கா, காலாவதியான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மோல்டு பத்தின ஒரு தகவல் தாளையும் அவங்க உங்ககிட்ட கொடுத்தாகணும், அதைக் கொடுக்காதவர்கிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க.

5. எந்த டெஸ்ட், எதுக்கு

கண்ணுக்குத் தெரியற பூசணத்துக்கு பெரும்பாலும் லேப் டெஸ்ட் தேவையே இல்ல, இது ஈபிஏ நிலைப்பாடு. காத்துல இவ்வளவு வித்துதான் இருக்கணும்னு அரசாங்கம் வெச்ச அளவும் கிடையாது. கருப்பா இருந்தா விஷம்னு ஒரு பேச்சு இருக்கு, கலரை வெச்சு என்ன வகைன்னு சொல்ல முடியாது, எந்த வகையா இருந்தாலும் செய்ய வேண்டியது ஒண்ணுதான், எடுக்கணும், காய வைக்கணும்.

அப்புறம் எதுக்கு அசெஸருக்குக் காசுன்னு கேட்பீங்க. அவர் கொடுக்கிற புரோட்டோகாலுக்காக. எந்த ரூம், எத்தனை சதுர அடி, எந்தச் சுவரை எதுவரைக்கும் வெட்டணும், எப்படி மறைப்பு கட்டணும், வேலை முடிஞ்சதுன்னு எதை வெச்சு முடிவு பண்றதுன்னு எல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்கும். இது கையில இருந்தா மூணு கான்ட்ராக்டர்கிட்டயும் ஒரே வேலைக்கு விலை கேட்கலாம். இல்லன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, எது நியாயம்னு ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

நல்ல அசெஸர் சுவர்ல ஈரம் பார்க்கிற மாய்ஸ்ச்சர் மீட்டர் எடுத்துட்டு வருவார், அட்டிக்ல ஏறுவார். காத்து சாம்பிள் எடுத்தா வெளியிலயும் ஒண்ணு எடுக்கணும், ஒப்பிடறதுக்கு அது இல்லாம உள்ள எடுத்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. எனக்கு உள்ள ரெண்டு, வெளிய ஒண்ணு, சுவர்ல டேப் ஒட்டி எடுத்தது ஒண்ணு, புரோட்டோகாலோட சேர்த்து 525 டாலர். லேப் ரிசல்ட் மூணு வேலை நாள்ல வந்துச்சு, புரோட்டோகால் அதுக்கப்புறம் ரெண்டு நாள். கடைல விக்கிற மோல்டு டெஸ்ட் தட்டு கிட் வாங்காதீங்க, எந்த வீட்டுல திறந்து வெச்சாலும் அதுல ஏதாவது வளரத்தான் செய்யும்.

6. இன்சூரன்ஸுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி பாலிசியைப் படிங்க

மூணு இடம் பாருங்க. ஒண்ணு, மோல்டுக்குன்னு தனி வரம்பு. டெக்ஸஸ் பாலிசில பெரும்பாலும் மோல்டு விலக்கா இருக்கும், இல்ல ஒரு சின்னத் தொகையோட நிக்கும், எனக்கு 5,000. ரெண்டு, டிடக்டிபிள். இங்க அது நிறைய பேருக்கு வீட்டு மதிப்புல 1 பர்சென்ட், 4,10,000 டாலருக்கு வீடு இன்ஷூர் ஆகியிருந்தா முதல் 4,100 உங்க கைக்காசு. மூணு, திடீர்னு உடைஞ்ச தண்ணியா, பல நாளா கசிஞ்ச தண்ணியா. பைப் வெடிச்சா பொதுவா கொடுப்பாங்க, வாரக்கணக்குல கசிஞ்சதுக்குப் பெரும்பாலும் கொடுக்க மாட்டாங்க. 2021 பிப்ரவரி பனியில பைப் வெடிச்ச வீடுகள் முதல் வகை. 2017 ஹார்வி புயல் மாதிரி வெள்ளம் உள்ள வந்ததுன்னா அது வீட்டு இன்சூரன்ஸ்லயே வராது, ஃப்ளட் பாலிசி தனியா எடுத்திருக்கணும், அதுக்கும் எடுத்ததுல இருந்து 30 நாள் பொதுவா காத்திருக்கணும்.

என்னோடதை மறுத்துட்டாங்க. தட்டு துருப்பிடிச்சிருந்ததுன்னு ஏசி இன்வாய்ஸ்லயே இருந்துச்சு, மூணு வாரம் சொட்டினதும் உண்மை. பொய் சொல்லச் சொல்லல, பார்த்த அன்னைக்கே கூப்பிடுங்கன்னுதான் சொல்றேன்.

கிளெய்ம் போட்டீங்கன்னா எல்லாத்தையும் ஈமெயில்ல எழுத்துல வெச்சுக்கோங்க. நீங்க தெரிவிச்ச 15 நாளுக்குள்ள அவங்க பதில் கொடுத்து விசாரணை ஆரம்பிக்கணும், கேட்ட பேப்பர் எல்லாம் கொடுத்ததுக்கு அப்புறம் பொதுவா 15 வேலை நாள்ல ஆமாவா இல்லையான்னு சொல்லணும். டிடக்டிபிளை நாங்க தள்ளுபடி பண்ணிடறோம்னு சொல்ற கான்ட்ராக்டரை வாசலோட அனுப்பிடுங்க, டெக்ஸஸ்ல அது 2019ல இருந்து சட்டவிரோதம்.

7. கிளீனப்: கொட்டேஷன்ல என்ன இருக்கணும்

புரோட்டோகாலை அனுப்பி மூணு பேர்கிட்ட கேளுங்க. எனக்கு வந்தது 3,650, 4,400, 6,100. வேலை ஆரம்பிக்கிறதுக்கு 5 நாள் முன்னாடி கான்ட்ராக்டர் டிடிஎல்ஆருக்குத் தெரிவிக்கணும், அவசர நிலைமைக்கு மட்டும் விலக்கு உண்டு, அதனால நாளைக்கே வர்றேன்னா எப்படின்னு கேளுங்க. அவர் உங்களுக்கு எழுத்துல வொர்க் பிளானும் கொடுக்கணும்.

வேலை நடக்கும்போது நீங்க பார்க்க வேண்டியது: ரூமைத் தடிமனான பிளாஸ்டிக்கால மறைச்சிருக்கணும், உள்ள ஹெப்பா ஃபில்டர் (நுண்ணிய தூசியையும் பிடிக்கிற வடிகட்டி) போட்ட மெஷின் காத்தை இழுத்துட்டு இருக்கணும், அப்ப பிளாஸ்டிக் உள்பக்கமா உப்பி நிக்கும், தளர்ந்து தொங்கினா மெஷின் ஓடல இல்ல எங்கயோ லீக். வெட்டின ஷீட்ராக், இன்சுலேஷன் எல்லாத்தையும் பையில கட்டினதுக்கு அப்புறம்தான் வீட்டு வழியா வெளிய எடுத்துட்டுப் போகணும். வெறும் புகை அடிச்சுட்டுப் போறது கிளீனப் இல்ல.

துணி துவைச்சாப் போதும். பட்டுப்புடவையை மட்டும் உடனே டிரை கிளீனர்கிட்ட கொடுங்க, எங்க வீட்டுல ஒன்பதுல ஏழு தப்பிச்சது, அம்மாவோட கல்யாணப் புடவை ஜரிகை ஓரம் கறுத்துப் போச்சு. மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டில ஆழமா ஏறிட்டா தூக்கிப் போடுறதுதான் நல்லது. சின்னக் குழந்தை, ஆஸ்துமா இருக்கிறவங்க, வயசானவங்க அந்த நாள்ல வேற இடத்துல தூங்கட்டும், எங்களுக்கு மூணு நாள்.

கான்ட்ராக்ட்ல இந்த ஒரு வரி கட்டாயம் எழுதி வாங்குங்க: கிளியரன்ஸ், அதாவது வேலை முடிஞ்சதும் அசெஸர் வந்து பண்ற சோதனை, ஃபெயிலானா மறு சோதனைச் செலவு கான்ட்ராக்டரோடது. எனக்கு இதை யாரும் சொல்லல.

8. கிளியரன்ஸ் வராம சுவரை மூடாதீங்க

வேலை முடிஞ்சதும் அசெஸர் திரும்ப வந்து பார்த்து, அளந்து, சாம்பிள் எடுப்பார். சுவர் அப்ப திறந்தே இருக்கணும், மறைப்பும் அப்படியே இருக்கணும். எங்க கான்ட்ராக்டர் "என் ஆள் இங்கயே இருக்கான், இன்னைக்கே ஷீட்ராக் போட்டுடலாம்"னு சொன்னார். நல்லவேளை வேண்டாம்னுட்டேன். அசெஸர் வந்து சுவர் அடிக்கட்டைல மீட்டரை வெச்சா ஈரம் 22 பர்சென்ட் காட்டுது, 15க்குக் கீழ இருக்கணும்னு புரோட்டோகால்ல எழுதியிருந்தார். அந்த ஈரத்தோட மூடியிருந்தா தீபாவளிக்குள்ள திரும்ப வந்திருக்கும். ஃபெயில். இன்னும் ஆறு நாள் டீஹ்யூமிடிஃபையர் ஓட்டி, ரெண்டாவது தடவை பாஸ். முதல் தடவைக்கு 350, ரெண்டாவது தடவைக்கும் 350.

பாஸானதும் கான்ட்ராக்டர் வேலையை நிறுத்தின 10 நாளுக்குள்ள சர்டிஃபிகேட் ஆஃப் மோல்டு டேமேஜ் ரெமடியேஷன்ங்கிற பேப்பரைக் கொடுக்கணும். அதுல பூசணத்துக்கான மூல காரணமும் சரிசெய்யப்பட்டதுன்னு ஒரு இடம் இருக்கும், அது குறிக்கப்பட்டிருக்கான்னு பாருங்க, அதுக்குத்தான் ஏசி இன்வாய்ஸ். கடைசித் தவணைப் பணத்தை இந்தப் பேப்பர் வந்ததுக்கு அப்புறம்தான் கொடுப்பேன்னு முதல்லயே பேசிடுங்க.

இது எதுக்கு இவ்வளவு முக்கியம்னா, நாளைக்கு வீடு விக்கும்போது கடந்த 5 வருஷத்துல வாங்கின இந்த சர்டிஃபிகேட் எல்லாத்தையும் வாங்கறவங்ககிட்ட கொடுக்கணும்னு சட்டம். பழைய மோல்டைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி உங்க வீட்டை ஒதுக்கவும் கூடாது, இந்தப் பேப்பர் இருந்தா. அசெஸ்மென்ட் ரிப்போர்ட், புரோட்டோகால், முன்னாடி பின்னாடி போட்டோ, கிளியரன்ஸ், சர்டிஃபிகேட், எல்லா இன்வாய்ஸும் ஒரே ஃபோல்டர்ல போட்டு வைங்க. சுவர் மூடி, டெக்ஸ்ச்சர் அடிச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 1,700 ஆச்சு, அது கிளீனப் கொட்டேஷன்ல வராது, தனி ஆள், தனிச் செலவு.

9. வாடகை வீடா இருந்தா

மேல சொன்ன செலவு எதையும் நீங்க செய்ய வேண்டாம், பொதுவா ஓனரோட பொறுப்பு. ஆனா போன்லயும் ஆஃபீஸ்ல நேர்லயும் சொன்னது கணக்குல வராதுன்னு வெச்சுக்கோங்க. வாடகை கட்டுற அட்ரஸுக்கு சர்டிஃபைடு மெயில், ரிட்டர்ன் ரிசீட்டோட அனுப்புங்க, அப்படி அனுப்பினா ரெண்டாவது நோட்டிஸ் தேவையில்ல. அதுக்கப்புறம் 7 நாள் நியாயமான அவகாசம்னு சட்டம் எடுத்துக்கும். சாதாரணமான ஒருத்தரோட உடம்புக்கோ பாதுகாப்புக்கோ பாதிப்புன்னு எழுதுங்க, குழந்தைக்கு அலர்ஜின்னு மட்டும் எழுதினா போதாது.

வாடகையை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க. கோபத்துல நம்ம பசங்க நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க. வாடகை பாக்கி இருந்தா ரிப்பேர் கேட்கிற உரிமையே போயிடும், மேல எவிக்ஷன் கேஸும் வரும், அடுத்த அபார்ட்மென்ட் கிடைக்கிறதும் கஷ்டமாயிடும். செய்யலன்னா ஜஸ்டிஸ் கோர்ட்ல 20,000 டாலர் வரைக்கும் வழக்குப் போடலாம்.

10. மறுபடி வராம இருக்க

12 டாலருக்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி குளோசெட்ல வைங்க. வீட்டுக்குள்ள ஈரப்பதம் 60 பர்சென்ட்டைத் தாண்டவே கூடாது, 50க்குக் கீழ இருந்தா நல்லது. ஊருக்குப் போகும்போது கரன்ட் மிச்சம்னு ஏசியை முழுசா அணைச்சுட்டுப் போகாதீங்க, இந்த ஊர் ஜூலைல ஒரு மாசம் பூட்டின வீடு என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். சமைக்கும்போது, குளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன், துணியை வீட்டுக்குள்ள கொடி கட்டி உலர்த்தறது வேண்டாம். வெளிச் சுவரை ஒட்டி பீரோ, பெட்டி எல்லாம் வைக்காம ரெண்டு இன்ச் இடம் விடுங்க.

மாசம் ஒரு தடவை அட்டிக் ஏசி பைப்புல இருக்கிற மூடியைக் கழட்டி ஒரு கப் வெள்ளை வினிகர் ஊத்துங்க, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தவறாம. அப்படியே வெளிய போய் ஜன்னலுக்கு மேல இருக்கிற பைப்பையும் ஒரு தடவை அண்ணாந்து பாத்துட்டு வாங்க, அது காஞ்சு இருக்கணும்.